கட்டியின் பெயரும் கத்தியின் வழியும்

புனே நகரின் கேம்ப் பகுதி 1817ஆம் ஆண்டுக் கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்றதை அடுத்து உருவான இராணுவக் குடியிருப்பு. படையோடும் படையை நம்பிய தொழில்களோடும் வந்து சேர்ந்தவர்களின் பல மொழிகள் இரு நூற்றாண்டுகளாக அங்கே ஒரே தெருவில் பேசப்படுகின்றன. காதுக்குக் கீழே, தாடையின் மூலையில் ஒரு வீக்கம் தோன்றினால், அந்த ஒரு வீக்கத்துக்குக் கேம்ப்பில் பல பெயர்கள் கிடைக்கும். மராத்தி பேசுபவர் அதைக் ‘காட்’ என்பார். இந்தி பேசுபவர் ‘காண்ட்’ என்பார். இரண்டும் முடிச்சு என்னும் பொருளுடைய ‘கிரந்தி’ என்ற வடசொல்லிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தவை. அதே கிரந்தியை மாற்றாமல் வைத்துக்கொண்டு, மராத்திப் பாடநூல் உமிழ்நீர்ச் சுரப்பியை ‘லாளகிரந்தி’ என்கிறது. ஆக, உடலில் இயல்பாக இருக்கும் உறுப்புக்கும் அதில் முளைக்கும் நோய்க்கும் அம்மொழியில் வேர் ஒன்றே.

தமிழ் இவ்விரண்டையும் பிரித்து வைத்தது. சுரப்பி என்பது செயலால் வந்த பெயர். கட்டி என்பது தொடுவுணர்ச்சியால் வந்த பெயர். ஆனால் தமிழரிடையே அந்த இடத்து வீக்கத்துக்கு மூன்றாவதாக ஒரு பெயர் முந்திக்கொண்டு நிற்கிறது: பொன்னுக்கு வீங்கி. பொன் நகையைக் கழுத்தில் அணிவித்தால் வீக்கம் வடியும் என்னும் நம்பிக்கை அப்பெயருக்குள்ளேயே இருக்கிறது. அது ஒரு வைரஸ் நோய். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே தணியும். எனவே பொன் பலித்ததாகவே தோன்றும். பெயர் இங்கே நோயைச் சுட்டுவதோடு, என்ன செய்ய வேண்டும், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. வீங்கியது சுரப்பியில் வளரும் கட்டியாக இருந்தால் அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும்.

பெயரை நம்பிச் செயல்படுவது பாமரரின் பழக்கம் மட்டும் என்று கருதுவதற்கில்லை. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளின் மருத்துவ வரலாற்றை 1870கள் முதல் இன்றுவரை தொடர்ந்து பார்த்தால், ஒவ்வொரு காலத்திலும் அறுவை மருத்துவரின் கத்தி எங்கே நின்றது என்பதை அக்காலத்துப் பெயர்களே பெரிதும் தீர்மானித்திருப்பது தெரிகிறது. ஒரு பெயர் தவறாக இருந்தபோது நோயாளிகள் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மேசையில் படுக்க நேர்ந்தது.

1. உறுப்புக்கு முன் வந்த நோய்ப்பெயர்

உமிழ்நீரைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று இணைகள். காதுக்கு முன்னும் கீழும் படர்ந்திருப்பது பரோட்டிட். தாடைக்கு அடியில் ஒன்று. நாவுக்கு அடியில் ஒன்று. இவற்றைத் தவிர உதடு, அண்ணம், கன்னத்தின் உட்புறம் என்று வாயெங்கும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. பரோட்டிட் என்பது ‘காதருகே’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களில் அச்சொல் காதருகே எழும் வீக்கத்தைக் குறித்தே பெரிதும் வழங்கியது. சுரப்பியின் பெயராக நிலைபெற்றது பின்னர்தான். மராத்தியில் கண்ட நிலையே அங்கும்: நோயும் உறுப்பும் ஒரே சொல்லின் கீழ் வாழ்ந்திருக்கின்றன.

அச்சுரப்பி என்ன செய்கிறது என்பது 17ஆம் நூற்றாண்டில்தான் துலங்கியது. 1656இல் தாமஸ் வார்ட்டன் தாடையடிச் சுரப்பியின் நாளத்தை விவரித்தார். 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டின் தலையை அறுத்துப் பார்த்த இளைஞர் நீல்ஸ் ஸ்டென்சன், பரோட்டிடிலிருந்து வாய்க்குள் திறக்கும் நாளத்தைக் கண்டார். கண்டுபிடிப்பு தம்முடையதே என்று அவருடைய ஆசிரியர் பிளாசியஸ் வாதிட்டதும், இறுதியில் மாணவரின் பெயரே அந்நாளத்துக்கு நிலைத்ததும் உடற்கூற்றியல் வரலாற்றில் நன்கு அறியப்பட்ட பூசல்.

இந்த அறிவு இந்திய மொழிகளுக்குள் வந்த காலத்தை ஓர் ஆண்டைக் கொண்டு நினைவில் வைக்கலாம். 1867இல், கேம்ப்பின் விளிம்பை ஒட்டி, டேவிட் சசூனின் கொடையால் எழுந்த சசூன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதே 1867இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், துரூயிற்று என்பவரின் அறுவை மருத்துவக் கையேட்டை ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் தமிழில் வெளியிட்டார். 1872இல் கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. புனேயில் ஆங்கிலத்தில் நடந்த மருத்துவம் யாழ்ப்பாணத்தில் தமிழில் கற்பிக்கப்பட்டது. கிறீனிடம் பயின்றோர் தமிழிலேயே அறுவை மருத்துவம் படித்தனர். நோய்க்குப் பெயரிடுவதில் எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதைக் கிறீன் நன்கு அறிந்திருந்தார். அவருடைய பணியில் பெரும்பகுதி கலைச்சொல் ஆக்குவதாகவே இருந்தது.

2. முகத்தின் ஊடே ஓடும் நரம்பு

பரோட்டிட் கட்டியை அறுப்பதில் மருத்துவர்கள் அஞ்சியது கட்டியைக் கண்டு மட்டுமன்று. அதனூடே செல்லும் முகநரம்பைக் கண்டும்தான். காதுக்குப் பின்னுள்ள எலும்புத் துளையின் வழியே வெளியேறும் இந்நரம்பு, சுரப்பிக்குள் நுழைந்து ஐந்து கிளைகளாக விரிகிறது: நெற்றிப்பொட்டு, கண், கன்னம், தாடையோரம், கழுத்து. கண் இமை மூடுவதும் புன்னகை விரிவதும் உதடுகள் கூடுவதும் இக்கிளைகளின் வேலை. ப, ம ஆகிய ஒலிகள் இரு இதழ்களும் இணைவதால் பிறப்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. உதட்டை இயக்கும் கிளைகள் அறுபட்டால் முதலில் தளர்வன இவ்வொலிகள்தாம். அம்மா, அப்பா என்னும் சொற்களே குழறும். கண்ணுக்குரிய கிளை அறுபட்டால் இமை மூடாது. கருவிழி உலர்ந்து புண்ணாகும்.

இந்த அச்சத்தால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பெரும்பாலோர் கையாண்ட முறை ஒன்றுதான். கட்டியின் மேல் தோலைக் கீறி, கட்டியின் மேலுறையைத் திறந்து, உள்ளிருப்பதை மட்டும் தோண்டியெடுப்பது. நுங்கை ஓட்டிலிருந்து கட்டைவிரலால் நெம்பியெடுப்பதற்கு இதனை ஒப்பிடலாம். நரம்புக்கு எட்டாமல் கை திரும்பிவிடும். நோயாளி நேரான முகத்தோடு வீட்டுக்குச் செல்வார். நுங்கைத் தோண்டிய ஓட்டில் சதை ஒட்டியிருப்பது போல இங்கும் ஏதேனும் ஒட்டியிருக்குமா என்னும் கேள்விக்குப் பல ஆண்டுகள் கழித்தே விடை தெரிந்தது.

3. ‘கலப்புக் கட்டி’யும் அதன் உறையும்

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் மிகப் பெரும்பான்மை பரோட்டிடில் தோன்றுபவை; பரோட்டிட் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு புற்றல்லாதவை; அவற்றுள்ளும் மிகுதியாகக் காணப்படுவது ஒரே வகை. நுண்ணோக்கியில் அதன் தோற்றம் வியப்பூட்டுவது. ஓரிடத்தில் சுரப்பித் திசு, ஓரிடத்தில் வழுவழுப்பான கூழ், ஓரிடத்தில் குருத்தெலும்பு போன்ற பகுதி. இந்தக் கலவையைக் கண்டு 1874இல் மின்சென் ‘கலப்புக் கட்டி’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். ‘பிளியோமார்ஃபிக் அடினோமா’, அதாவது பல உருவம் காட்டும் சுரப்பிக் கட்டி என்ற பெயரை 1948இல் வில்லிஸ் வழங்கினார்.

கலப்புக் கட்டி என்ற பெயரோடு இரண்டு அடைமொழிகள் எப்போதும் ஒட்டி வந்தன: ‘தீங்கற்ற’, ‘உறையிட்ட’. இவ்விரண்டும் சேர்ந்தபோது தோண்டியெடுக்கும் முறைக்கு முழு நியாயம் கிடைத்துவிட்டது. தீங்கற்றதை எடுக்க நரம்பைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. உறை இருப்பதால் உள்ளிருப்பது முழுதாக வந்துவிடும். பெயரைக் கேட்டவுடனேயே கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

1936இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த நோய்க்குறியியல் வல்லுநர் ஜோசப் மக்ஃபார்லேண்ட் 300 கலப்புக் கட்டிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவற்றுள் 69 மீண்டும் முளைத்திருந்தன. தீங்கற்றது என்று பெயரிடப்பட்ட கட்டி நான்கில் ஒன்றுக்குச் சற்றே குறைவாகத் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது அது ஒற்றை உருண்டையாகவும் இல்லை. பழைய தழும்பைச் சுற்றிச் சிறுசிறு மணிகளாகச் சிதறி முளைத்தது. அவற்றை நீக்கும்போது நரம்பு சேதமுறும் வாய்ப்பு முதல் முறையைவிடப் பன்மடங்கு கூடியது. நரம்பைக் காப்பதற்காகச் சிறிதாக வெட்டிய முறை, பத்தாண்டுகளுக்குப் பின் அதே நரம்பைப் பறித்தது.

ஏன் திரும்பி வருகிறது? தொடக்கத்திலேயே சுரப்பியில் பல இடங்களில் தனித்தனியாக முளைப்பதால் என்று ஒரு சாரார் விளக்கினர். அப்படியானால் குற்றம் நோயினுடையது. எஞ்சிய துணுக்குகளிலிருந்து வளர்கிறது என்பது மறுசாரார் கருத்து. அப்படியானால் குற்றம் முறையினுடையது. வழக்கைத் தீர்க்க, சுரப்பியை முழுதாக எடுத்து, கட்டியையும் சூழ்ந்த திசுவையும் ஒருசேர நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் சுரப்பியை முழுதாக எடுக்கத்தான் எவரும் துணியவில்லை.

துணிந்தவர்கள் சிலர் இருந்தனர். 1907இல் பிரிஸ்டல் நகரின் தாமஸ் கார்வர்டைன், முகநரம்பை முதலில் தேடிக் கண்டு, அதனைக் காத்தபடியே பரோட்டிடை அகற்றிய முறையை எழுதினார். அவர் செய்தது முறையின் வரிசையைத் திருப்பியதுதான்: கட்டியிலிருந்து தொடங்கி நரம்பைத் தவிர்ப்பதற்குப் பதிலாக, நரம்பிலிருந்து தொடங்கிக் கட்டியை அடைவது. ஒரு தலைமுறைக் காலம் அது பரவலாகவில்லை. 1940இல் டொராண்டோவின் ஜேன்ஸ், 1941இல் இலண்டனின் ஹாமில்டன் பெய்லி ஆகியோர் விரிவான நீக்கத்தை வலியுறுத்தி எழுதினர். இந்திய மருத்துவ மாணவர்களுக்குப் பெய்லியின் பெயர் அயலானதன்று. 1932இல் முதற்பதிப்புக் கண்ட ‘பெய்லி அண்ட் லவ்’ இன்றும் புனே முதல் மதுரை வரை அறுவை மருத்துவப் பாடநூலாக மேசைகளில் இருக்கிறது.

வழக்கு 1958இல் தீர்ந்தது. இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் டேவிட் பேட்டியும் நோய்க்குறியியல் வல்லுநர் தாக்ரேயும், முழுதாக எடுக்கப்பட்ட சுரப்பிகளை ஆராய்ந்து தம் முடிவை வெளியிட்டனர். உறை என்று சொல்லப்பட்டது முழுமையான உறையே அன்று. சில இடங்களில் மெலிந்தும் சில இடங்களில் இல்லாமலும் இருந்தது. கட்டி அதனூடே விரல்களைப் போல வெளியே நீண்டிருந்தது. உறையைத் திறந்து தோண்டியவர்கள் அவ்விரல்களை உள்ளேயே விட்டுவிட்டனர். கூழான பகுதி சிந்திய இடங்களில் புதிய கட்டிகள் வேர்கொண்டன. ‘உறையிட்ட’ என்ற ஒரு பெயரடைதான் அத்தனை மறு அறுவைகளுக்கும் பின்னால் நின்றிருந்தது.

இதன்பின், நரம்பை முதலில் கண்டறிந்து, அதற்கு வெளிப்புறமுள்ள சுரப்பிப் பகுதியைக் கட்டியோடு சேர்த்து நீக்குவதே பொதுமுறையாயிற்று. தோண்டியெடுத்த காலத்தில் ஐந்தில் ஒன்று முதல் ஏறத்தாழப் பாதி வரை மீண்டும் முளைத்தவை, இம்முறையில் நூற்றுக்குச் சிலவாகக் குறைந்தன. பின்னாளில் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனை மரபினர், சிறிய கட்டிகளுக்கு இவ்வளவு விரிவு வேண்டாம், உறைக்கு வெளியே நலமான திசுவின் மெல்லிய படலத்தோடு எடுத்தாலே போதும் என்று காட்டினர். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது பழைய முறைக்குத் திரும்புவது போலத் தோன்றும். உறைக்கு உள்ளே, உறைக்கு வெளியே என்ற ஒரு வேற்றுமைதான் இரண்டுக்கும் இடையில் இருப்பது. நோயாளிக்கு அந்த வேற்றுமையே எல்லாம்.

4. எச்சம்

எஞ்சியது திரும்பி வரும் என்னும் அறிவு 1958க்குக் காத்திருக்கவில்லை என்பது இந்திய மருத்துவ வரலாறு படிப்போருக்குத் தெரியும். சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதி கிரந்தி, அபசி, அர்புதம், கலகண்டம் ஆகிய நான்கையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து, முடிச்சுகளையும் கட்டிகளையும் கழுத்து வீக்கங்களையும் வேறுபடுத்துகிறது. அதன் சிகிச்சைப் பகுதி, அர்புதத்தை எச்சம் விட்டு நீக்கினால் அது விரைவில் மீண்டும் வளரும், எஞ்சிய நெருப்பைப் போல அழிக்கும், ஆகவே மிச்சமின்றி எடுக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரமும் வினையின் எச்சத்தையும் பகையின் எச்சத்தையும் தீயின் எச்சத்தோடு ஒப்பிடுவது நினைவுக்கு வரும். அணையாத கங்கு இருவேறு மொழிகளில், இருவேறு துறைகளில், ஒரே எச்சரிக்கைக்கு உவமையாகியிருக்கிறது.

இதனைக் கொண்டு, சுசுருதர் பரோட்டிட் கட்டியை அறிந்திருந்தார் என்று முழங்குவது வரலாறாகாது. அர்புதம் என்பது இன்றைய எந்த ஒரு நோய்ப்பெயருக்கும் நேர் இணையன்று. முகநரம்பைப் பற்றிய அறிவும் நுண்ணோக்கியும் இல்லாத காலத்து வகைப்பாடு அது. அந்நூல் கட்டியின் தோற்றத்தோடு நில்லாமல், அது நீக்கப்பட்ட பின் என்ன செய்கிறது என்பதையும் கவனித்தது. மக்ஃபார்லேண்ட் செய்ததும் அதையேதான். நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோதுதான் பெயரின் பொய் வெளிப்பட்டது.

5. இனிய பெயர்களும் கசந்த நோய்களும்

கலப்புக் கட்டியின் கதை தனித்த ஒன்றன்று. 1850களில் பில்ரோத், உருளை உருளையாகத் தோன்றிய ஒரு கட்டிக்கு ‘சிலிண்ட்ரோமா’ என்று பெயரிட்டார். வடிவத்தைச் சொல்லும் அப்பெயர் இயல்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்பவருக்கு அது பாதித் தீங்கற்றதாகவே தோன்றியது. 1930இல் ஸ்பைஸ் ‘அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா’ என்று வழங்கி, கார்சினோமா என்ற சொல்லைச் சேர்த்தார். மெதுவாக வளரும், நரம்புகளின் வழியே ஊர்ந்து செல்லும் புற்று அது. முதல் ஐந்தாண்டுகள் நலமாகக் கழியலாம். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் நுரையீரலில் தென்படலாம். ஐந்தாண்டு நலத்தைக் குணமென்று கொள்ளும் வழக்கம் இந்நோயில் பொய்க்கிறது.

1945இல் நியூயார்க்கின் ஸ்டூவர்ட், ஃபூட், பெக்கர் மூவரும் ‘மியூக்கோ எபிடெர்மாய்டு கட்டி’ என்ற வகையை வரையறுத்து, அதிலும் தீங்கற்றது, தீங்குள்ளது என இரு பிரிவு செய்தனர். தீங்கற்றதென்று பிரித்தவற்றிலும் சில பரவியதைக் கண்டு, 1953இல் ஃபூட்டும் ஃபிரேசலும் அனைத்தையுமே ஐயத்தோடு பார்க்க வேண்டுமென்றனர். 1972இல் தாக்ரேயும் சோபினும் தொகுத்த உலக சுகாதார நிறுவனத்தின் முதல் வகைப்பாடு அதனை ‘கட்டி’ என்றே வைத்திருந்தது. 1991இன் இரண்டாம் பதிப்பில்தான் ‘கார்சினோமா’ ஆயிற்று. திசுவில் எதுவும் மாறவில்லை. சொல் மாற 46 ஆண்டுகள் ஆயின.

புற்று என்று பெயர் உறுதியானால் சிகிச்சையின் அளவும் மாறும். சுரப்பி விரிவாக நீக்கப்படும். தேவைப்படின் கழுத்தின் நிணநீர் முடிச்சுகளும் எடுக்கப்படும். தீவிரம் கூடுதலாயின் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடரும். நரம்பு நோயால் பற்றப்படாதிருந்தால் அதனைக் காப்பதே இன்றைய நெறி. இந்தியாவில் இத்தகைய கூட்டுச் சிகிச்சைக்கு வழிவகுத்தவை பம்பாயில் 1941இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனையும், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையமும் ஆகும். அடையாற்றில் 1957இல் கோபால்ட்-60 கருவி நிறுவப்பட்டது. தெற்கேயிருந்து வந்த நோயாளிகள் கதிர்வீச்சுக்காகப் பம்பாய் வரை செல்ல வேண்டிய நிலை அதனால் குறைந்தது.

அறுவைக்குப் பின் எஞ்சும் பள்ளத்தையும் சிதைந்த முகத்தையும் சீரமைப்பதில் புனேக்கு ஒரு தனி இடம் உண்டு. கேம்ப் தோன்றுவதற்கு இருபதாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன், 1793ஐ ஒட்டி, கம்பெனிப் படையின் மாட்டுவண்டியோட்டி காவஸ்ஜி என்பவருக்குப் புனே அருகே மூக்கு புதிதாக அமைக்கப்பட்டது. திப்புவின் படையிடம் சிறைப்பட்டபோது அவர் மூக்கு அறுக்கப்பட்டிருந்தது. செங்கல் அறுப்போர் மரபைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை இலை வடிவில் வெட்டி, காம்பு அறாமல் கீழே மடக்கி மூக்காக்கினார். இரு ஆங்கில மருத்துவர்கள் அதனைக் கண்டனர்; 1794 அக்டோபரில் இலண்டன் இதழொன்று படத்தோடு வெளியிட்டது; 1814இல் கார்ப்யூ இலண்டனில் அம்முறையைச் செய்துகாட்டினார். உயிருள்ள தோலை இரத்த ஓட்டத்தோடு இடம்மாற்றும் அக்கோட்பாடே இன்று பரோட்டிட் புற்றுக்குப் பின் முகத்தை மூடும் அறுவைக்கும் அடிப்படை. மூக்கமைத்தவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

6. இன்றைய பெயரிடல்

கட்டியின் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சோதிப்பது பரோட்டிடில் ஆபத்தானது. சிந்தும் துணுக்கே புதிய கட்டியாகலாம். இந்தச் சிக்கலுக்கு விடை சுவீடனிலிருந்து வந்தது. மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சிப் பார்க்கும் முறையை 1,000 உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் கையாண்ட அனுபவத்தை 1967இல் எனெரோத், ஃபிரான்சன், சயிசெக் ஆகியோர் வெளியிட்டனர். இன்று கேம்ப்பைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளிலும் தமிழ்நாட்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் ‘எஃப்.என்.ஏ.சி.’ என்ற எழுத்துகளாக வழங்குவது அம்முறையே.

அந்த ஊசி தரும் விடைகளுக்குப் பொதுமொழி வேண்டியிருந்தது. ஒரு நகரில் ‘ஐயத்திற்குரியது’ என்பதும் மற்றொரு நகரில் ‘பெரும்பாலும் தீங்கற்றது’ என்பதும் ஒன்றா என்று எவருக்கும் தெரியாத நிலை. 2018இல் வெளியான மிலான் முறை, விடைகளை ஆறு வகைகளாக வரையறுத்தது. ஒரு கட்டியின் தீங்கு எத்தகையது என்று உறுதி கூற இயலாதபோது அதையே சொல்வதற்கும் அதில் ஓர் உட்பிரிவு உண்டு. கலப்புக் கட்டியின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது பெரிய மாற்றம். அறியாமைக்கும் ஒரு முறையான பெயர் கிடைத்திருக்கிறது. மருத்துவர் அப்பெயரைக் கண்டால் விட்டுவிடாமல் கவனமாக அறுப்பார்.

பெயரிடும் அதிகாரம் மெல்ல மரபணுவுக்கு நகர்கிறது. 2010இல் செக் நாட்டின் அலேனா ஸ்காலோவா குழுவினர், அதுவரை வேறு பெயரில் அடங்கியிருந்த ஒரு புற்றைத் தனியாகப் பிரித்தனர். இரு மரபணுக்கள் முறிந்து ஒட்டிய ஒரு பிழை அதன் அடையாளம். இன்று அது ‘சுரப்புக் கார்சினோமா’. அதே மரபணுப் பிழையைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பழைய பெயரிலேயே நீடித்திருந்தால், இம்மருந்து யாருக்குப் பயன்படும் என்பதே தெரிந்திருக்காது.

அரிய நோய் என்பதால் இதன்மீது பொதுக்கவனம் குறைவு. ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஒருவர் என்ற அளவிலோ அதற்குக் குறைவாகவோ இப்புற்று காணப்படுகிறது. இந்தியாவில் வாய்ப்புற்று என்றாலே புகையிலை நினைவுக்கு வருவது இங்கே ஒரு தவறான ஆறுதலையும் தருகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்கும் மெல்லும் புகையிலைக்கும் வாய்ப்புற்றில் உள்ளது போன்ற வலுவான தொடர்பு நிறுவப்படவில்லை. ஹிரோஷிமாவில் உயிர் தப்பியோரிடமும், சிறுவயதில் தலையிலும் கழுத்திலும் கதிர்வீச்சுப் பெற்றோரிடமும் இக்கட்டிகள் கூடுதலாகக் காணப்பட்டன. புகையிலையைத் தொடாதவருக்கும் இது வரும்.

கேம்ப்பில் ஒருவருடைய காதருகே வளரும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததால் அது மராத்தியில் வெறும் ‘காட்’, தமிழில் ‘சாதாரணக் கட்டி’. மூன்று வாரம் தாண்டியும் வடியாத வீக்கமோ, முகத்தின் ஒருபுறம் தளர்வதோ, கட்டி திடீரென விரைந்து வளர்வதோ அந்தச் சாதாரணம் என்ற அடைமொழியைக் கேள்விக்குள்ளாக்கும் அறிகுறிகள். தீங்கற்றதாகவே இருப்பினும், நெடுங்காலம் விடப்பட்ட கலப்புக் கட்டிகளில் ஒரு பகுதி புற்றாக மாறுவதுண்டு. அறுவைக்குப் பின் நோயாளியின் கையில் தரப்படும் நோய்க்குறியியல் அறிக்கையில் கட்டியின் பெயரோடு, உறை முழுமையாக இருந்ததா, வெட்டிய விளிம்பில் ஏதும் எஞ்சியதா என்ற இரண்டு வரிகளும் எழுதப்படுகின்றன. மக்ஃபார்லேண்டின் 69 நோயாளிகளும் பேட்டி, தாக்ரே இருவரும் பார்த்த கண்ணாடித் தகடுகளும் அவ்விரு வரிகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி, ஆண்டுகள் கழித்தும் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை நோயாளியின் மொழியில் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.